குளிர் மலையில் தென்னை வைக்கலாமா?



2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாவைத் தாண்டிப் போனது உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ போடுவதா, சம்பலுக்கு வைப்பதா என்று யோசித்து, பாதி மூடியை இன்றைக்கும் மறு பாதியை நாளைக்கும் என்று பங்கு போட்ட காலம் அது. அந்த நாட்களில் நாங்கள் எந்த லயத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான்.

"ஐயா, இம்புட்டு வெலை குடுத்து வாங்குறதுக்கு, வாசல்ல நாமளே ஒரு தென்னம்பிள்ளை வச்சிட்டா என்னாங்க?"

நியாயமான கேள்விதான். சில தோட்டங்களில் கேள்வியோடு நிற்கவும் இல்லை. சந்தையிலிருந்தும், லொறியில் கன்று கொண்டுவந்து விற்றவர்களிடமிருந்தும், கீழ்நாட்டுச் சொந்தக்காரர் வீடுகளிலிருந்தும் தென்னங்கன்றுகள் மலைக்கு ஏறி வந்தன. "மலைநாட்டுத் தென்னை, குளிரிலும் காய்க்கும்" என்று சொல்லி விற்றவர்களும் உண்டு. அந்தப் பேச்சை நம்பிக் காசு கொடுத்தவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆகவே இந்த இதழில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று நினைத்தோம். வைக்கலாம் என்றோ வைக்கக் கூடாது என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. உங்கள் தோட்டம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில் இருக்கிறது.

ரயில் ஜன்னலில் தெரியும் பாடம்

கொழும்பிலிருந்து பதுளை ரயிலில் வந்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். கொழும்பை விட்டதும் இரு பக்கமும் தென்னந்தோப்புகள். பொல்கஹவெல என்ற ஊரின் பெயரிலேயே தென்னை இருக்கிறது. பொல்கஹ என்றால் சிங்களத்தில் தென்னை மரம். கடுகண்ணாவை ஏறி, பேராதனை, கம்பளை தாண்டும்போதும் தென்னை உண்டு. நாவலப்பிட்டிக்கு மேலே குறையத் தொடங்கும். வட்டவளை, ஹட்டன் வரும்போது ஆங்காங்கே ஒன்றிரண்டு நிற்கும், அதில் குலை இருக்காது. தலவாக்கலை, நானு ஓயாப் பக்கம் தென்னையைத் தேட வேண்டும். பட்டிப்பொலவை ரயில் தாண்டி, அப்புத்தளை, பண்டாரவளை வழியாகக் கீழே இறங்கிப் பதுளைக்கு வந்தால், மறுபடியும் வீட்டு வாசல்களில் தென்னை தலை காட்டும்.

 முக்கியமாக மாறியது உயரம்தான். மலைநாட்டு ஸ்டேசன்களின் பெயர்ப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று எழுதியிருப்பார்கள். சும்மா அழகுக்கு எழுதியது என்று நினைக்காதீர்கள். மரம் வைக்கப் போகிறவருக்கு மிகவும் உதவும் கணக்கு அது.

ஆயிரம் அடிக்கு இரண்டு பாகை

ஆயிரம் அடி மேலே ஏறினால் சூடு ஏறக்குறைய 2 பாகை செல்சியஸ் குறையும். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். கொழும்பில் வருஷம் முழுவதும் சராசரியாக 27, 28 பாகை. கண்டி 1,600 அடி அளவில் இருக்கிறது. அங்கே 24 பாகைக்குக் கிட்ட. ஹட்டன் 4,100 அடி. அங்கே 19 பாகை அளவுதான். நுவரெலியா 6,100 அடிக்கு மேலே. அங்கே சராசரி 16 பாகைக்குக் கிட்ட. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில இரவுகளில் தரையில் பனி உறைந்து தேயிலைக் கொழுந்தே கருகிப் போவதை அந்தப் பக்கத்து ஆட்கள் அறிவார்கள்.

தென்னைக்குப் பிடித்த சூடு 27 பாகை. அதற்குக் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கும். சராசரி 20 பாகைக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால் உயிரோடு நிற்கும், ஆனால் ஒழுங்காகக் காய்க்காது. இதனால்தான் நம் நாட்டில் இலாபத்துக்குத் தென்னை வைப்பவர்கள் 2,000 அடிக்கு மேலே போவதில்லை. தேயிலையிலும் 2,000 அடி வரை உள்ளதைத் தாழ்நிலத் தேயிலை என்றுதான் பிரிக்கிறார்கள். தாழ்நிலத் தேயிலை எங்கே முடிகிறதோ, ஏறக்குறைய அங்கேயே தென்னையின் நல்ல காலமும் முடிகிறது.

சூடு மட்டும் இல்லை, தென்னைக்கு வெயிலும் நிறைய வேண்டும். நம் மலைகளில் பாதி நாள் மூடுபனி. குளிரோடு வெயில் குறைவும் சேர்ந்துகொள்கிறது.

தென்னைக்குக் கவ்வாத்து கிடையாது

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் என்ன ஆகும்? கொஞ்ச நாளில் பக்கமெல்லாம் துளிர்க்கும். ஒரு கிளை பனியில் கருகினாலும் இன்னொரு கிளையில் கொழுந்து வரும். பட்டர்புரூட் மரமும் அப்படித்தான், கொய்யாவும் அப்படித்தான்.

தென்னை, பாக்கு, கித்துள், பனை இவையெல்லாம் வேறு சாதி. இவற்றுக்குக் கிளை கிடையாது. முழு மரத்துக்கும் உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான். இலையும் அங்கிருந்துதான், தென்னைக்குப் பாளையும் அங்கிருந்துதான். அந்தக் குருத்து கெட்டுப்போனால் மரம் முடிந்தது. வேறு இடத்தில் துளிர்க்காது. குளிர் இந்த மரங்களை அடிப்பது அந்த இடத்தில்தான். பனியும் ஈரமும் சேர்ந்து குருத்து அழுகினால், நடு ஓலையை மெல்ல இழுத்தாலே கையோடு வந்துவிடும். அப்படி வந்த கன்று பிழைப்பது அபூர்வம்.

ஒரு குலைக்கு மூன்று பனிக்காலம்

"குருத்து நல்லாத்தாங்க இருக்கு, மரம் பச்சையா நிக்குது, காய்தான் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது.

கீழ்நாட்டில் நன்றாக வளர்ந்த தென்னை மாதத்துக்கு ஒரு ஓலை விடும். ஒவ்வொரு ஓலைக் கக்கத்திலும் ஒரு பாளை. அதனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு குலை வரை எதிர்பார்க்கலாம். குளிரில் ஓலை வருவதே மெதுவாகும். ஓலை குறைந்தால் பாளையும் குறையும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பாளை வெளியே தெரிவதற்கு ஏறக்குறைய இரண்டரை வருஷத்துக்கு மேல் முன்னதாகவே, குருத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் அது உருவாகத் தொடங்கிவிடுகிறது. பாளை வெடித்த பிறகு தேங்காய் முற்ற இன்னும் 11, 12 மாதம். ஆக, ஒரு குலை ஆரம்பத்திலிருந்து முற்றும்வரை மூன்றரை வருஷம். 4,000 அடி மலையில் ஒவ்வொரு குலையும் குறைந்தது மூன்று பனிக்காலத்தைத் தாண்ட வேண்டும். ஒரு பனிக்காலத்தில் பெண் பூ குறையும். இன்னொன்றில் மகரந்தம் முளைக்காது, மழையிலும் மூடுபனியிலும் தேனீயும் வராது. அதையும் தாண்டிப் பிடித்த குரும்பட்டி கடைசியில் கொட்டிவிடும்.

இதற்கு உப்பு வைத்துப் பயனில்லை. சாணமும் சாம்பலும் மண்ணுக்கு நல்லதுதான், ஆனால் சாணம் போட்டுக் குளிரைக் குறைக்க முடியாது.

ஒரு வீட்டில் நாங்கள் பார்த்தது

சில வருஷங்களுக்கு முன் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். 4,000 அடிக்கு மேலே உள்ள தோட்டம். லயத்துக் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு தென்னை நின்றது. தண்டு மெலிந்து, ஓலை மஞ்சளித்து, ஒரு காய்ந்த பாளை மட்டும் கறுப்பாகத் தொங்கியது. வீட்டிலிருந்த வயதான அம்மாவிடம் "இந்த மரம் காய்க்குமாம்மா?" என்று கேட்டோம்.

"மலட்டு மரமுங்க ஐயா. மருமக வந்த வருஷம் வச்சது. பதினோரு வருஷமாச்சு. ரெண்டும் ஒண்ணு போலத்தான்" என்றார்.

மருமகள் அப்போதுதான் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அது அவர் முதல் தடவை கேட்ட பேச்சு இல்லை என்பது அவர் போன விதத்திலேயே தெரிந்தது. லயத்தில் மற்றவர்களும் அப்படித்தான் பேசினார்களாம். மரம் காய்க்காத வீடு, பிள்ளை தங்காத வீடு என்று.

நாங்கள் அந்த அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து, மேலே சொன்ன கணக்கை எல்லாம் விரல் விட்டுச் சொன்னோம். ஆயிரம் அடிக்கு இரண்டு பாகை, மூன்று பனிக்காலம், ஒரே குருத்து. அம்மா கவனமாகக் கேட்டார். பிறகு, "அப்ப மரத்து மேல குத்தம் இல்லீங்களா?" என்றார்.

"மரத்து மேலயும் இல்ல, வச்ச கை மேலயும் இல்லம்மா. இந்த மரத்த நாவலப்பிட்டிக்குக் கீழ வச்சிருந்தா இந்நேரம் காய் பறிச்சிருப்பீங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இத்தன வருஷம் வாயில வந்தத சொல்லிப்புட்டேனே" என்று மெதுவாகச் சொன்னார்.

பிள்ளை இல்லாத விஷயத்தையும் அன்றே பேசினோம். காரணம் பெண்ணிடம்தான் என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். புருஷன், பெண்சாதி இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று சொல்லி, மிட்வைப் அம்மாவிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தோம். இந்தக் கட்டுரையை நாங்கள் எழுத அந்த வீடும் ஒரு காரணம். தெரியாத ஒரு மரத்தை வைத்துத் தெரியாத ஒரு மனிசியைப் பேசுவது நம் லயங்களில் இனி வேண்டாம்.

மற்ற நாடுகளில் எப்படி?

குளிரில் இந்த மரங்களை வளர்க்க ஆசைப்பட்டவர்கள் நாம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் லண்டனில் கியூ என்று ஒரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்கே வெப்ப நாட்டுப் பனை வகைகளை வளர்ப்பதற்காக 1844 முதல் 1848 வரை இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு பெரிய மாளிகையே கட்டினார்கள். நிலக்கரி எரித்து உள்ளே சூடேற்றினார்கள். அவ்வளவு செலவு செய்தால்தான் தென்னையின் உறவுக்கார மரங்கள் அந்தக் குளிரில் நிற்கும்.

ஆனால் குளிருக்கென்றே பிறந்த பனை வகைகளும் உலகத்தில் உண்டு. சீனாவில் சூசான் பனை என்று ஒன்று. தண்டைச் சுற்றித் தும்பு போர்வை போலச் சுற்றியிருக்கும். 1849இல் ரொபர்ட் போர்ச்சூன் என்பவர் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். இன்றைக்கும் அது அங்கே வெளியில், உறைபனியிலும் நிற்கிறது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு மலைகளில் 6,500 அடிக்கு மேலே மெழுகுப் பனை வளர்கிறது. 200 அடி வரை உயரும். உலகத்திலேயே உயரமான பனை வகை அதுதான். 1985இல் அதை அந்த நாட்டின் தேசிய மரம் ஆக்கினார்கள்.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? குளிரைத் தாங்கும் மரம் அந்தக் குளிரிலேயே வழிவழியாக வந்த மரம். தென்னை கடற்கரையில் பிறந்தது. அதைப் பழக்கி மலைக்காரன் ஆக்கிவிடலாம் என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். சூசான் பனையும் மெழுகுப் பனையும் பார்க்க அழகுதான், ஆனால் அவற்றிலிருந்து சம்பல் அரைக்க முடியாது.

உங்கள் உயரத்துக்கு எது?

தோட்டக் காரியாலயத்தில் கேட்டால் உங்கள் டிவிசன் எத்தனை அடி என்று சொல்வார்கள். தெரிந்துகொண்டு இதைப் பாருங்கள்.

2,000 அடிக்குக் கீழே: இரத்தினபுரி, கேகாலை, காலி, மாத்தறைப் பக்கத்துத் தோட்டங்களில் பெரும்பாலானவை. தாராளமாகத் தென்னை வைக்கலாம். தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையின் நாற்றுமேடைக் கன்றை வாங்குங்கள். மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம் குழி வெட்டுங்கள். அடியில் தேங்காய்ப் பொச்சு பரப்பினால் ஈரம் நிற்கும். உயர்ந்த வகை காய்க்க ஆறு, ஏழு வருஷம் ஆகும்.

2,000 முதல் 3,000 அடி வரை: காய்க்கும், ஆனால் பிந்தும், குறையும். வைப்பதானால் வெயில் நன்றாகப் படும் சரிவில் வையுங்கள். பள்ளத்தில் வைக்காதீர்கள். குளிர் காற்று தண்ணீர் மாதிரி, இரவில் சரிந்து இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். இந்த உயரத்தில் பாக்கு மரம் தென்னையை விட நன்றாக வரும். இடமும் கொஞ்சம் போதும். ஆனால் பாக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட எங்களுக்கு மனமில்லை. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு உறுதி செய்திருக்கிறது. புகையிலை சேர்க்காவிட்டாலும் அப்படித்தான். மரம் இருக்கிறது என்பதற்காக வாயில் போடும் பழக்கத்தைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

3,000 முதல் 5,000 அடி வரை: தேங்காய்க்காகத் தென்னை வேண்டாம். கித்துள் இந்த உயரத்தில் வளரும். பாணியும் கருப்பட்டியும் தரும் மரம். பூக்கப் பத்து வருஷம், அதற்கு மேலும் ஆகலாம். உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்துக்கொண்டே வந்து, கடைசிப் பூவோடு மரம் பட்டுப்போகும். ஆகவே வீட்டை ஒட்டி வைக்கக் கூடாது. பழத்தின் சாறு பட்டால் தாங்க முடியாத அரிப்பு, பிள்ளைகள் கவனம். பாளை சீவுவது பழகிய ஆளின் வேலை. தெரியாமல் ஏறி விழுந்தால் ஒரு குடும்பமே விழுந்த மாதிரி.

5,000 அடிக்கு மேலே: நானு ஓயா, நுவரெலியா, கந்தப்பளை போன்ற இடங்கள். சாப்பாட்டுக்கான பனை வகை எதையும் நம்பிக் காசு போடாதீர்கள். மரத்தக்காளி, பேரிக்காய், லீக்ஸ், கரட், கோவா என்று இந்தக் குளிரை விரும்பும் பயிர்கள் நிறைய உண்டு.

7 பேர்ச் கணக்கு

2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியோடு தனி வீடு கிடைத்த குடும்பங்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. மீதி 1,350. தென்னைக்குத் தென்னை 26 அடி விட வேண்டும் என்பது முறை. அப்படியானால் ஒரு மரத்துக்கே 676 சதுர அடி. அதாவது வீடு போக மிஞ்சும் காணியில் பாதி. கீழ்நாட்டில் அந்தப் பாதிக் காணி தேங்காயாகத் திரும்பி வரும். 4,000 அடியில் அது வெறும் நிழலாகத்தான் நிற்கும். போதாததற்குக் காய்ந்த மட்டை தகரக் கூரையில் விழும்.

அதே இடத்தில் 4,000 அடி மலையில் ஓர் ஒட்டுப் பட்டர்புரூட் கன்று வைத்தால் மூன்று, நான்கு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். கூரைக்கு மேலே வளர்ந்தால் வெட்டி அடக்கலாம், மறுபடி துளிர்க்கும். அந்தக் காயை விற்ற காசில் தேங்காய் வாங்கலாம். மலையில் இருக்கிறவர்களுக்குத் தேங்காய் தென்னை மரத்தில் இல்லை, பட்டர்புரூட் மரத்தில் இருக்கிறது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

லயத்தில் இருப்பவர்கள் எந்த மரம் வைப்பதானாலும் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து வருஷம் வளர்த்த பிறகு வெட்டச் சொன்னால் மனம் தாங்காது.

ஏற்கெனவே வைத்தவர்களுக்கு

ஆசையாக வைத்துவிட்டோமே, இப்போது வெட்டுவதா என்று கேட்பீர்கள். வெட்டத்தான் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. இடைஞ்சல் இல்லாத இடத்தில் நிற்கிறது என்றால் நிற்கட்டும். காயை எதிர்பார்த்து உரத்துக்கும் உப்புக்கும் இன்னும் காசு செலவழிக்காதீர்கள். ஓலை இருக்கிறது, ஈர்க்கு இருக்கிறது. விளக்குமாறு கட்டலாம்.

ஹட்டன் பக்கத்து அந்த மரமும் இன்னும் நிற்கிறது. போன திருவிழாவுக்கு நாங்கள் போயிருந்தபோது கோயில் வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். ஓலை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டோம். முன்பெல்லாம் கீழே டவுனில் இருந்து வாங்கி வருவார்களாம். இப்போது அந்த வீட்டு மருமகள்தான் ஓலை வெட்டிக் கொடுக்கிறாராம்.

"எங்க வூட்டு மரமுங்க" என்று பக்கத்தில் நின்ற மாமியார் சொன்னார். மலட்டு மரம் என்று சொல்லவில்லை.

உங்கள் டிவிசன் எத்தனை அடி என்பதை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். கன்று வாங்கப் போகும் முன் எங்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.